நின்றுகொண்டு ஒப்படைத்தவர்

எங்கள் வீட்டில் உலகப் போரை நடத்தியது நான்தான். வெடிச்சத்தம், விமானம், பனியில் விழுந்து சாகிறவர்கள், இதெல்லாம் டிவி கொடுத்தது. யார் யாரைச் சுட்டார், எதற்குச் சுட்டார், யார் பக்கம் நியாயம் என்பதைத் தீர்மானித்தது நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த நான். இதைச் சொன்னால் இன்று என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்கள் கைப்பேசியில் எந்த நாட்டுப் படமும் அவர்களுக்குத் தெரிந்த எழுத்தோடு வந்து நிற்கிறது. எங்களுக்கு எழுத்து மலாயில்தான் வந்தது.

அது வெள்ளைக்காரர்கள் எடுத்த தொடர். பழைய கறுப்பு வெள்ளைக் காட்சிகளுக்கு நடுநடுவே வயதான வெள்ளைக்காரர்கள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து அந்தக் காலத்தைப் பற்றிப் பேசுவார்கள். பேச்சு ஆங்கிலம், கீழே ஓடுவது மலாய் எழுத்து. ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறரைக்குத் தொடங்கும். மலாய் நாட்டில் பெடாசுக்கும் ரெம்பாவுக்கும் நடுவிலிருந்த எங்கள் தோட்டத்தில் இளவட்டங்கள் அந்த நேரத்தில் திடலில் பந்து விளையாடிக்கொண்டிருப்பார்கள். மலாய் படிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். டிவி முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர்களுக்குச் சந்தையில் மீன் விலை பேசுகிற மலாய் நன்றாக வரும், எழுத்து வராது, அதுவும் ஓடுகிற எழுத்து சுத்தமாக வராது. ஆக, படிக்கத் தெரிந்தவர்கள் பார்க்கவில்லை, பார்த்தவர்களுக்குப் படிக்கத் தெரியவில்லை. அந்த இடைவெளியில் நான் பாயைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

பக்கத்து வீட்டிலிருந்து பெரியப்பா வருவார். அப்பாவின் அண்ணன். அவருக்கு எதையும் நம்புகிற பழக்கம் கிடையாது. கடையில் தேங்காய் வாங்கினால் ஐந்தை ஆட்டிப் பார்த்துவிட்டு, கடைக்காரன் ஒளித்து வைத்திருக்கும் ஆறாவதைக் கேட்பார். கிளினிக்கில் கொடுத்த மாத்திரையை முதலில் பெரியம்மாவுக்குக் கொடுத்து ஒரு நாள் பொறுத்திருந்து பார்ப்பார். முதல் வாரமே போரையும் அப்படித்தான் ஆட்டிப் பார்த்தார்.

"குண்டு விழுது, எல்லாரும் ஓடுறான். படம் புடிக்கிறவன் மட்டும் எப்படி ஓடாம நிக்கிறான்?" என்று கேட்டார்.  எழுத்தில் தேடினேன், அதில் இல்லை. "எல்லாம் ஸ்டுடியோலா. உக்காந்து பாக்குறீங்க பாரு," என்று முடித்தார். ஆனால் அடுத்த வாரமும் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார். அவருக்கு ஏமாறாமல் பார்ப்பதில் ஒரு சுகம்.

அப்பா தோட்டத்து லோரி ஓட்டியவர். அவர் கண்ணுக்குப் போர் முழுக்க லோரிதான். எந்தச் சேற்றில் எந்த வண்டி மாட்டியது, எதற்கு கிளட்ச் போயிருக்கும் என்பதே அவர் கவலை. அம்மா, காலில் கந்தல் சுற்றிக்கொண்டு பனியில் நடக்கிற சிப்பாய்களைப் பார்த்துவிட்டால் போதும், கண்ணைத் துடைக்க முந்தானையை எடுத்துவிடுவாள். எந்த நாட்டுக்காரன் என்றெல்லாம் கேட்க மாட்டாள்.

நான் படித்துச் சொன்னேன். ஒரு வரி ஓடி மறைவதற்குள் பாதிதான் படிக்க முடியும். மீதிப் பாதி என் சொந்தச் சரக்கு. குளிர்காலம் வந்தது என்று போட்டிருந்தால், குளிரில் எல்லோருக்கும் காய்ச்சல் வந்துவிட்டது என்பேன். ஒரு வாரம் எழுத்து ரொம்ப வேகமாக ஓடியதால், இரண்டு நாடுகளின் சண்டையையே வேலித் தகராறாக்கி, ஒருவன் மாடு இன்னொருவன் நிலத்தில் மேய்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். பெரியப்பா அதற்கு மட்டும், "அது நடக்கக்கூடியதுதான்," என்றார்.

என்னைக் கண்டுபிடித்துவிடக்கூடிய ஒரே ஆள் அத்தை. அப்பாவின் கடைசித் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். ஐந்தாம் படிவம் வரை படித்துவிட்டு, சேனாவாங்கில் ஒரு தொழிற்சாலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தாள். அவள் வந்து உட்கார்ந்திருந்தால் என் உத்தியோகம் அன்றே போயிருக்கும். நல்ல வேளையாக ஞாயிறு மாலையில் அவளுக்கு ஒரு வாரத்துத் துணி பின்கட்டில் காத்திருக்கும். அங்கிருந்தே குரல் கொடுப்பாள்: "ஏய், இல்லாததெல்லாம் சேத்துச் சொல்லாத. எழுத்துல என்னா இருக்கோ அத மட்டும் சொல்லு."

அந்த அத்தைக்குத்தான் பரிசம் போட்டிருந்தார்கள். மாப்பிள்ளை எங்கள் தோட்டத்திலேயே, கீழ் லயத்து வரிசை வீடுகளில் ஒன்றான மண்டோர் வீடு. அந்த வீட்டில் அப்போது மண்டோர் யாரும் கிடையாது. மாப்பிள்ளையின் அப்பா எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டுகிறவர், மாப்பிள்ளை ஜொகூரில் லோரி ஓட்டினார். ஆனால் மாப்பிள்ளையின் தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத்து ஆட்களை வேலை வாங்கிய பெரிய மண்டோராக இருந்தவர். ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடப் போனவர் திரும்பவில்லை. பெயர் மட்டும் வீட்டோடு தங்கிவிட்டது. அவர் படம் அவர்கள் நடுவீட்டில் மாட்டியிருந்தது: தலைப்பாகை, கோட்டு, கையில் பிரம்பு, பின்னால் வரிசையாக ரப்பர் பால்மரங்கள். அதற்கு எப்போதும் ஒரு மாலையும் சின்னச் சிவப்பு பல்பும் உண்டு.

அத்தைக்கு அந்த மாப்பிள்ளை மீது ஆசை. இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஜொகூருக்கு அவள் எழுதும் கடிதங்களைத் தபால் பெட்டியில் போடுவது நான். வாரத்துக்கு இரண்டு. பரிசம் போட்ட பெண் கடிதம் எழுதுவது அப்போது வெளியில் சொல்லக்கூடிய விஷயமில்லை, ஆகவே எனக்கும் வாரத்துக்கு இரண்டு ஐஸ்கிரீம்.

ஆறாவது ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் கல்யாண நாள் பற்றிப் பேச எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். உறவு முறைப்படி அவரை நான் தாத்தா என்று கூப்பிட வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தார்கள், அவருக்குத் தலை முழுக்க நரைக்கக்கூட இல்லை. அத்தை சம்பந்தி முன்னால் வரக்கூடாது என்பதால் அடுப்படியில் வடை சுட்டுக்கொண்டிருந்தாள். டிவியை யாரும் அணைக்கவில்லை. அந்த வாரம்தான் போர் நம் ஊருக்கு வந்தது. ஜப்பான்காரர்கள் சைக்கிளில் வரிசையாக வருகிறார்கள், பின்னால் தெரிவது நம் ஊர் பால்மரம். பெரியப்பாவே கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

சைக்கிள்களைப் பார்த்ததும் மண்டோர் வீட்டுத் தாத்தாவுக்குப் பேச்சு வந்துவிட்டது.

"எனக்கு அப்ப மூணு வயசுலா. அம்மா சொல்லித்தான் தெரியும். பெரட்டுல நின்னுகிட்டு இருந்தவரப் புடிச்சு, கையக் கட்டி, லோரியில தூக்கிப் போட்டானுங்களாம். லோரி போற வரைக்கும் என் பேரச் சொல்லிக் கத்திகிட்டே போனாராம். அம்மா என்னைத் தூக்கிகிட்டு ரோட்டு வரைக்கும் ஓடியிருக்கு," என்றார்.

பெரட்டு என்பது விடிகாலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவது. அந்த வரிசையிலிருந்து ஆள் பிடித்த கதையை எங்கள் தோட்டத்தில் எல்லோரும் ஏதோ ஒரு விதத்தில் கேட்டிருந்தார்கள். அம்மா முந்தானையை எடுத்தாள்.

அப்போது திரையில் ஒரு வயதான வெள்ளைக்காரர் வந்தார். முன்பு நம் பக்கத்தில் தோட்டத் துரையாக இருந்தவராம். ரெம்பாவ் என்ற எழுத்து ஓடியதைப் பார்த்து, "தாத்தா, ரெம்பாவ்," என்றேன். துரை மடியில் வைத்திருந்த ஆல்பத்தைத் திருப்பி ஒரு படத்தைக் காட்டினார். படம் திரை முழுக்க வந்து நின்றது. தலைப்பாகை, கோட்டு, கையில் பிரம்பு.

மண்டோர் வீட்டுத் தாத்தா எழுந்து நின்றுவிட்டார். "எங்கப்பாலா அது," என்றார், யாருக்கும் கேட்காத குரலில். அவர் மனைவி டிவியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அறையில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். ஆறு வாரத்தில் பெரியப்பா என் வாயைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

எழுத்து ஓடியது. இந்த முறை நான் முழுக்கப் படித்தேன், அதில்தான் வம்பே. ஜப்பான்காரர்கள் ஆள் தேடித் தோட்டத்துக்கு வந்தபோது இந்த மண்டோர், அதன் பிறகு இரண்டு சொற்கள்: மெஞராஹ்கான் டிரி. முதல் சொல் எனக்குத் தெரியும். பள்ளியில் வாத்தியார் தினமும், செராஹ்கான் பூக்கு, நோட்டை ஒப்படையுங்கள் என்பார். இரண்டாவதும் தெரியும் என்றுதான் நினைத்தேன். பாடத்தில் பேசினால், பெர்டிரி, நாற்காலி மேல் ஏறி நில் என்பார். நான் வாரத்தில் மூன்று நாள் நின்றிருக்கிறேன். படத்திலும் மண்டோர் நின்றுகொண்டுதானே இருந்தார்.

"ஜப்பான்காரன் தோட்டத்துக்கு ஆள் தேடி வந்தானாம். இந்த மண்டோரு நின்னுகிட்டு ஒப்படைச்சாராம்," என்றேன்.

"யாரை?" என்றார் பெரியப்பா.

யாரை என்று எழுத்தில் இல்லை. இல்லாவிட்டால் என்ன, என்னிடம் இருந்தது. "ஆளுங்களை," என்றேன்.

அந்தச் சமயம் பார்த்துத் திரையில் பள்ளிவாசல் வந்துவிட்டது. மாலைத் தொழுகைக்குப் பாங்கு நேரம். எந்த நிகழ்ச்சி ஓடினாலும் நிறுத்திவிட்டுப் பாங்கு போடுவார்கள். அப்பா வழக்கம்போலப் பேச்சை நிறுத்திக்கொண்டார். எல்லோரும் பள்ளிவாசல் கோபுரத்தையும் பூவையும் நீரூற்றையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதற்குப் பிறகு துரை என்ன சொல்லவந்தாரோ, அது எங்களுக்கு வரவேயில்லை.

முதலில் வாயைத் திறந்தது பெரியப்பா. ஆறு வாரமாகக் குண்டையும் கப்பலையும் பனியையும் நம்பாத மனிதர், நான் தப்பாகச் சொன்ன அந்த ஒரு வரியை மட்டும் நம்பினார்.

"தொரை வாயாலயே சொல்றாரு. அவருக்குப் பொய் சொல்லி என்னா ஆகணும்?"

"எங்கம்மா அப்படிச் சொல்லல," என்றார் மண்டோர் வீட்டுத் தாத்தா.

"உங்கம்மா எப்படிச் சொல்லுவாங்க?"

இதைக் கேட்டு அப்பா, "அண்ணே," என்று அதட்டினார். ஆனால் சொன்ன பேச்சைத் திரும்ப வாயில் போட முடியுமா. தாத்தா உட்காரவில்லை. மனைவியைப் பார்த்தார், அந்த அம்மா எழுந்துகொண்டார். வடைத் தட்டோடு அடுப்படி வாசலுக்கு வந்த அத்தை, அவர்கள் செருப்பு மாட்டுவதைத்தான் பார்த்தாள். பாங்கு முடிந்து தொடர் திரும்பி வந்தபோது துரையும் ஆல்பமும் போய், ஏதோ ஒரு கடலில் கப்பல் எரிந்துகொண்டிருந்தது.

அன்று இரவு அத்தை என்னை விடவில்லை. "நீ ஒழுங்காப் படிச்சியா?"

"கண்ணு மேல சத்தியமா அத்தை. மெஞராஹ்கான்னு இருந்துச்சு. ஒப்படைக்கிறதுதான?"

"அதுக்கப்புறம் என்னா இருந்துச்சு?"

"நின்னுகிட்டு."

"நின்னுகிட்டா உக்காந்துகிட்டான்னு எதுக்குடி எழுதப் போறான்?" என்று என் முகத்தையே பார்த்தாள். வெள்ளைக்காரன் எழுதியதற்கு நான் என்ன செய்வது என்று அழுதுவிட்டேன். அழுதால் விட்டுவிடுவாள் என்று தெரியும், விட்டுவிட்டாள். அந்தத் தோட்டத்தில் அப்போது எல்லோரும் எல்லோரையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்கள். சந்தேகப்பட வேண்டிய ஆளைச் சரியாகச் சந்தேகப்பட்டவள் அவள் ஒருத்திதான்.

மறுநாள் முதல் எனக்கு ராஜ வாழ்க்கை. படத்தை மற்ற வீடுகளிலும் பார்த்திருந்தார்கள், என்ன எழுதியிருந்தது என்றுதான் தெரியவில்லை. வீட்டுக்கு வீடு கூப்பிட்டு மைலோ கலந்து கொடுத்துக் கேட்டார்கள். ஒரே வரியை எத்தனை முறை அப்படியே சொல்வது? இரண்டாவது வீட்டில் மண்டோர் பேர் பேராகக் கூப்பிட்டார். நான்காவது வீட்டில் பிரம்பை நீட்டி ஒவ்வொருவராகச் சுட்டிக் காட்டினார். அங்கே பிஸ்கட்டும் கொடுத்தார்கள்.

எங்கள் தோட்டத்தில் எல்லா வீட்டிலும் சயாமுக்குப் போய் வராத ஒருவர் இருந்தார். தாய்மாமன், சித்தப்பா, கல்யாணமாகாத அண்ணன். ஐம்பது வருடமாக அவர்கள் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் இருந்தார்கள். ஜப்பான்காரன் எங்கே இருக்கிறான், போய்த் திட்ட முடியுமா? இப்போது கீழ் லயத்தில் நடந்து போகிற தூரத்தில் ஒரு வீடு கிடைத்துவிட்டது. பழைய பேச்செல்லாம் எங்கிருந்தோ வந்தது. ஊரே மரவள்ளிக்கிழங்கு தின்றபோது மண்டோர் வீட்டில் மட்டும் அரிசி வெந்ததாம். யாருடைய அம்மாவோ மணத்தைப் பிடித்திருக்கிறாளாம். அதுவரை ஒருவரும் சொல்லாத மணம். மாரியம்மன் கோயில் திருவிழாவில் மண்டோர் வீட்டுக்கு வருடா வருடம் மரியாதையாகக் கொடுக்கும் காளாஞ்சித் தட்டை அந்த வருடம் கொடுக்கவில்லை. தாத்தா வரிசையில் தன் இடத்தில் நின்றார், தட்டு அவரைத் தாண்டிப் போனது, விபூதி வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் ஒரு வார்த்தை சண்டை போட்டிருந்தால் ஊருக்கு ஆறியிருக்கும். "எங்கப்பாவ எனக்குத் தெரியும்," என்று மட்டும் சொன்னாராம். மூன்று வயதில் என்ன தெரிந்திருக்கும் என்று பெரியப்பா அதற்கும் கணக்குப் போட்டார்.

கல்யாணப் பேச்சு நின்றது. காட்டிக் கொடுத்த வீட்டில் பெண் கொடுக்க முடியாது என்று பெரியப்பா ஒரே பிடியாக நின்றார். அப்பா, செத்தவர் செய்ததற்கு உயிரோடு இருக்கிற பையன் என்ன பண்ணுவான் என்று முதலில் பேசிப் பார்த்தார், பிறகு அண்ணனை மீற முடியாமல் லோரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார், எப்போதும் ஏதாவது ரிப்பேர். அத்தை வேலைக்குப் போனாள், வந்தாள், சாப்பாட்டைக் கிளறி வைத்துவிட்டு எழுந்தாள். கடிதமும் நின்றது. எனக்கு ஐஸ்கிரீம் போனதில் வருத்தம், ஆனால் மைலோ அதை ஈடுகட்டியது. என்னைப் போன்ற ஒரு பிள்ளையை இன்று நான் பெற்றிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று நினைத்துப் பார்க்கிறேன். முதுகு பழுத்திருக்கும்.

மூன்று மாதம் கழித்து ஒரு நாள் மலாய்ப் பாடத்தில் வாத்தியார் பத்திரிகைச் செய்தி ஒன்றைக் கரும்பலகையில் எழுதினார். மாடு திருடியவன் ஒருவன் போலீசிடம், மெஞராஹ்கான் டிரி. என்ன அர்த்தம் என்று என்னைக் கேட்டார். நான் எழுந்து, திருடன் நின்றுகொண்டு மாட்டை ஒப்படைத்தான் என்றேன். வாத்தியார் மலாய்க்காரர், நல்ல மனிதர், சிரிக்கவில்லை. டிரி என்ற சொல்லைச் சுற்றி வட்டம் போட்டார். இது பெர்டிரி இல்லை என்றார். தன் நெஞ்சைத் தானே இரண்டு முறை தட்டிக் காட்டினார். தன்னையே. திருடன் தன்னையே ஒப்படைத்தான், தானாகப் போய்ச் சரணடைந்தான்.

'டிரி சாயா', அதாவது 'நான்', என்ற தலைப்பில் இரண்டு வருடமாக நான் கட்டுரை எழுதிவந்தவள். பசு மாட்டுக் கட்டுரையைப் போல அதையும் மனப்பாடமாக எழுதினேனே தவிர அந்தச் சொல் என்ன என்று ஒரு நாளும் பார்க்கவில்லை.  மண்டோர் யாரையும் பிடித்துக் கொடுக்கவில்லை, தன்னைத்தான் கொடுத்திருக்கிறார். எழுத்தில் இல்லாத 'ஆளுங்களை' என்ற ஒரு சொல்லைப் போட்டது நான்.

ஆனாலும் சொல்லவில்லை. கண் மேல் சத்தியம் செய்திருந்தேன், கண் போய்விடும் என்று பயம். அதைவிட, பிரம்பு சுட்டிக் காட்டிய கதையை எந்தக் கணக்கில் சேர்ப்பது? ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் அத்தை பரிசப் புடவையைக் கட்டிலில் விரித்து மடித்துக்கொண்டிருந்தாள். தேங்காய், பழம், வளையல் வந்த அதே தட்டுகள் துடைத்து அடுக்கியிருந்தன. சாயங்காலம் பெரியப்பா எடுத்துக்கொண்டு போய் அவர்கள் வீட்டில் திருப்பிக் கொடுத்துவிட்டால் அதோடு முடிந்தது. அத்தை புடவையை மடித்தாள், ஓரம் சரியாக வரவில்லை என்று பிரித்தாள், மறுபடி மடித்தாள். நான்கு முறை. ஐந்தாவது முறை பிரித்தபோது என்னால் முடியவில்லை.

"அத்தை, அது பெர்டிரி இல்ல. சும்மா டிரி."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். என் நோட்டைக் கொண்டுவரச் சொன்னாள். எழுதச் சொன்னாள். இரண்டு சொற்களையும் எழுதிக் காட்டினேன். நான் அடிக்காகக் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன், அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அவள் அந்தத் தாளை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள், சிரிப்பு மாதிரியும் இருந்தது. பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தாள். மத்தியான வெயிலில், சம்பந்தி முன்னால் வரக்கூடாத பெண், தலைகூடச் சீவாமல் என்னை இழுத்துக்கொண்டு கீழ் லயத்துக்கு நடந்தாள்.

மண்டோர் வீட்டுத் தாத்தா வாசலில் குந்தி உட்கார்ந்து மோட்டார் சைக்கிள் பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே படமும் மாலையும் சிவப்பு பல்பும் அப்படியே இருந்தன. அந்த மூன்று மாதத்தில் ஒரு நாள்கூட அதை அவர் அணைக்கவில்லை என்று பிறகு அத்தைதான் சொன்னாள்.

"தாத்தாகிட்ட சொல்லு," என்றாள் அத்தை.

"தாத்தா, நான் தப்பாப் படிச்சிட்டேன். உங்கப்பா யாரையும் புடிச்சுக் குடுக்கல. ஜப்பான்காரன் ஆள் தேடி வந்தப்ப அவரே போயிட்டாரு. அப்படித்தான் போட்டிருந்துச்சு."

அத்தை பள்ளி நோட்டுத் தாளை நீட்டி, அந்தச் சொல்லுக்கு இதுதான் அர்த்தம் என்று இன்னொரு முறை விளக்கினாள். கேட்டுக்கொண்டே வெளியே வந்த தாத்தாவின் மனைவி மாரியம்மனைக் கூப்பிட்டு நெஞ்சில் அடித்துக்கொண்டார். அடுத்த வீட்டுக்கு ஓடினார். தாத்தா பிளக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"புடிக்கலையா?" என்றார்.

"இல்ல தாத்தா."

"கையக் கட்டல?"

அவர் சந்தோஷப்படுவார் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன், அவர் முகத்தில் ஒன்றும் வரவில்லை. ஒருவேளை போதவில்லையோ என்று தோன்றியது. "கட்டல தாத்தா. யாரும் தொடக்கூட இல்ல. அவராத்தான் போனாரு. தலப்பா கட்டிகிட்டு, கோட்டு போட்டுகிட்டு, நேரா நடந்து போயி லோரியில ஏறிட்டாரு," என்றேன். அத்தை என் தலையில் குட்டினாள். "எழுத்துல இருந்ததை மட்டும் சொல்லுன்னு எத்தன வாட்டி சொல்றது?"

கல்யாணம் நடந்தது, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தை மாதம் ரெம்பாவில் ஒரு மண்டபத்தில் நடந்தது. ஆட்கள் ஆத்துக்காட்டில் ஒளிந்திருந்தபோது மண்டோர் தன்னைக் கொடுத்து மற்றவர்களைக் காப்பாற்றினார் என்று அதற்குள் தோட்டத்தில் கதை முழுசாகிவிட்டது, அதில் என் பங்கு எதுவும் கிடையாது என்று நம்புங்கள். அந்த அரிசி மணத்தைப் பிடித்தவர்கள் இப்போது, தன் வீட்டு அரிசியை மண்டோர் லயத்துக்கெல்லாம் பங்கு போட்டார் என்றார்கள். காளாஞ்சி அடுத்த வருடம் முதல் தட்டாகப் போனது. பெரியப்பா பந்தியில் நின்று, எனக்கு அந்தப் பிள்ளை படித்ததில் அன்றைக்கே சந்தேகம் இருந்தது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். தொடர் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. போரில் யார் ஜெயித்தார்கள் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை வாசலைப் பற்றி. அத்தை, அடுத்த வீட்டிலிருந்து தாத்தாவின் மனைவியைக் கூப்பிட்டுக்கொண்டு வரப் போனாள். நானும் தாத்தாவும் மட்டும் இருந்தோம். அவர் பிளக்கைக் கீழே வைத்துவிட்டார். கை முழுக்கக் கரி.

"நீ நல்லாப் படிக்கிற புள்ள. கேக்குறேன், சொல்லு," என்றார். குரல் அன்று டிவி முன்னால் நின்றபோது இருந்ததைப் போல இருந்தது. "எனக்கு அப்ப மூணு வயசு. போறப்ப என் பேரச் சொல்லிக் கூப்பிட்டாருன்னு போட்டிருந்துச்சா?"

யோசித்துப் பார்த்தேன். நன்றாக யோசித்தேன். இனிமேல் இல்லாததைச் சேர்ப்பதில்லை என்று வரும் வழியில்தான் முடிவு செய்திருந்தேன், அதையும் ஒரு முறை மீறிக் குட்டு வாங்கியாகிவிட்டது.

"இல்ல தாத்தா. உங்களப் பத்தி ஒண்ணும் போடல," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். பிளக்கை எடுத்து மறுபடி துடைக்கத் தொடங்கினார். அது ஏற்கெனவே பளபளவென்று இருந்தது.

திரும்பி வரும்போது அத்தையிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். தாத்தா இப்படிக் கேட்டார், நான் ஒரு சொல்கூடச் சேர்க்காமல் உள்ளதை உள்ளபடி சொன்னேன் என்றேன். பாராட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அப்படியே நின்றுவிட்டாள். கீழ் லயத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"கூப்பிட்டாருன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாடி?" என்றாள்.

எழுத்துல இருந்ததை மட்டும் சொல்லு என்று கால்மணி நேரத்துக்கு முன்னால் குட்டியவள் இவள்தான். எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. பெரியவர்களுக்கு ஒரு பேச்சு என்பதே கிடையாது என்று முடிவு கட்டி, அவள் பிடித்திருந்த கையை உதறிவிட்டு வீடு வரை தனியாக முன்னால் நடந்து வந்தேன்.